ஊசிமுனைப் பாட்டு

சிவராமலிங்கம் பிள்ளை விடிந்ததும் சங்கரன்கோவில் சன்னதியில் நின்று பதிகம் ஓதுவார். வெயில் ஏறியதும் சர்க்கார் கொடுத்த ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் அம்மை குத்துவார். சாமிக்கும் ஊசிக்கும் சண்டையே கிடையாது என்பது அவர் கட்சி. ஊர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தாள் வீட்டுக்கு வருகிறாள், வருகிறவளை வாசலில் மறிக்க ஊசியா என்று கேட்டது. பெட்டியைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடினார்கள்.

ஐம்பத்தொன்றாம் வருஷக் கோடையில் கரிவலம்வந்தநல்லூரில் ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் அம்மையில் போயின. அப்போதும், ஊசி போடச் சாத்திரத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அவர் படித்த எதிலும் இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நின்ற இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினார். சங்கரன்கோவில் கோமதித் தாயே ஊசிமுனையில் வந்து பிள்ளைக்குக் காப்புக் கட்டுகிறாள் என்று நாலு வரி. பெரியவர்கள் பாடியது என்று கூசாமல் சொன்னார். ஒரே பகலில் அறுபது பிள்ளைகளுக்குக் குத்தினார்.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தாயின் பெயரால் பொய் சொன்ன வாய் என்று சன்னதியில் தன்னையே வைதுகொள்வார். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ என்று உடனே தேற்றிக்கொள்வார். இரண்டும் நிஜம். அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

மறுவருஷம் அதே ஊரில் மறுபடி அம்மை. போன வருஷம் மூத்த மகளுக்கு முதல் ஆளாய் ஊசி போட வைத்த பேச்சி, இப்போது கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் காரணம் கேட்டார். பாட்டுத்தான் காக்கிறதாம், காலையும் மாலையும் பாடுகிறாளாம், ஊசி எதற்காம். பக்கத்து வீட்டில் அன்று காலைதான் ஒரு குழந்தைக்கு முத்துப் போட்டிருந்தது.

அவர் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"பேச்சி, அது பெரியவங்க பாட்டு இல்ல. நான் கெட்டுனது. உங்கள நம்ப வைக்கணும்னு பொய் சொன்னேன்."

அவள் முந்தானையை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள். இனி இந்த ஊரில் ஒருத்தரும் கை நீட்டமாட்டார்கள் என்று அவர் பயந்தார்.

"நீங்க கெட்டுனா என்னய்யா? எம் மூத்தவ பிழைச்சுக் கெடக்காள்லா. குத்துங்க. ஆனா பாடிக்கிட்டேதான் குத்தணும்."

மறந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தார். அவள் முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள். வேறு வழியில்லை, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாடினார். இரண்டாம் வரியில் அவருக்குக் கண்ணீர் வந்தது. எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை.