டீச்சர் லேப்டாப்பில் என் குரல்

...அப்புறம் என்ன, மாதவன் போனை வைத்துவிட்டான். என் பிள்ளைதான், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறானே, அவன். தங்கச்சி அவன் பேச்சைக் கேட்கவில்லையாம். அம்மாவும் அவளோடு சேர்ந்துகொண்டாளாம். கோபம். இருக்கட்டுமே! பக்கத்து வீட்டுக்காரி மாதிரி வாராவாரம் காது கொடுக்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வேன், மகள் செல்வி டைப் அடிப்பாள். என் பேச்சைத் தலைசீவிப் பொட்டு வைத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதும் அவள்தான். அந்தச் செல்வி ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். தமிழில் எதைக் கொடுத்தாலும் சத்தமாகப் படிக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கின பஜ்ஜி சுற்றின பேப்பரைக்கூட அவளை டைப் அடிக்கச் சொல்லி, படிக்க வைத்துக் கேட்டேன். ஏதோ நிலத் தகராறு. பாதியிலேயே கிழிந்திருந்தது... யார் ஜெயித்தார்கள் என்று இன்னமும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அனந்தபுரத்தில் வசந்தா டீச்சர் இருக்கிறார். போன வருஷம் காய்ச்சலில் கண் போய்விட்டது. பாடம் மட்டும் போகவில்லை. ஆனால் பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? புதுப் புத்தகம் வந்திருக்கிறது, உங்களால் படித்துத் தயார் செய்ய முடியாது, திங்கட்கிழமையிலிருந்து ஒன்பதாம் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்று. டீச்சர் சொன்ன பதில் ஒரே வரி.

"திங்கக்கிழமை வந்து கேளுங்க, பாடம் எடுக்கறேனா இல்லையான்னு."

அந்த தைரியம் செல்வியின் புரோகிராமை நம்பித்தான். ஆனால் டீச்சரின் லேப்டாப் பழசு. செல்வி ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் படித்தது. பிறகு லேப்டாப்பில் ஏதோ அப்டேட் வந்தது. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டது.

ஏன்? நானும் கேட்டேன். புரோகிராமைச் சமைக்கிற முறையை வரிசையாக எழுதி வைப்பதற்கு மேக்ஃபைல் என்று பெயராம். செல்வி அதைக் கையாலேயே எழுதியிருந்தாள். தன் கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறதோ, அதை அப்படியே எழுதிவிட்டாள். இன்னொரு கம்ப்யூட்டரில் அதெல்லாம் வேறு இடத்தில் இருக்குமே? நேரில் போனபோது கையோடு திருத்திவிட்டு வந்தாள், அப்டேட் வந்து மறுபடி எல்லாம் இடம் மாறிவிட்டதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷம் கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போனவள் நான். எந்த மாஸ்டரும் நேராகப் போய் அரிசி களைய மாட்டார். முதல் நாளே ஒரு நடை போய், தண்ணீர் எங்கே, கிரைண்டர் உண்டா, அண்டா எத்தனை என்று பார்த்துவிட்டு வருவார். சிங்கவரத்தில் ஒரு வீட்டில் அப்படிப் பார்க்காமல் போய், முந்நூறு பேருக்கு நான்கு அம்மியில் சட்னி அரைத்தோம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

அதற்கும் ஒன்று இருக்கிறதாம், கான்ஃபிகர் என்று. முதலில் அது போய் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கும். பிறகுதான் சமையல்.

இங்கேதான் மாதவன் குறுக்கே வந்தான். கையால் எழுதின மேக்ஃபைலைத் தூக்கிப்போடு, எல்லாவற்றையும் தானே எழுதிக் கொடுக்கிற பெரிய டூல் இருக்கிறது என்றான். அது எழுதுவது ஆயிரக்கணக்கான வரியாம். செல்வி கேட்கவில்லை.

"அதுல ஒரு வரி தப்பாப் போனா யாரைக் கேப்பேன், உன்னையா? நான் எழுதினதுல ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்ண்ணா."

சொன்னபடியே செய்தாள். சின்னதாக ஒரு கான்ஃபிகர், தானே எழுதினாள். அது போய்ப் பார்த்து, கண்டதை ஒரு துண்டுச்சீட்டு மாதிரி எழுதி வைக்கும். பழைய மேக்ஃபைல் அந்தச் சீட்டைப் பார்த்து வேலை செய்யும். வெள்ளிக்கிழமை அதையும், புதுப் புத்தகத்தின் முதல் பாடத்தை டைப் அடித்தும் டீச்சருக்கு அனுப்பினாள். டீச்சர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அந்த விரல்களுக்குக் கண் எதற்கு? செல்வி சொல்லிக் கொடுத்திருந்ததைத் தட்டினார். காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. போன் செய்தார்.

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆயிற்று தெரியுமா? கான்ஃபிகர் ஒழுங்காகப் பார்த்து, லைப்ரரி என்கிற ஒரு துணைச் சரக்கு இல்லை என்று சொல்லித்தான் நின்றிருக்கிறது. எங்கே சொன்னது? ஸ்கிரீனில். கண் தெரியாதவருக்காக எழுதின புரோகிராம், தன் குறையை எழுத்தில் காட்டிவிட்டு நிற்கிறது!

புரோகிராம் தயாரானால்தானே பேசும், அதற்கு முன்னால் யார் பேசுவது என்று கேட்டாள் செல்வி.

"நான் பேசறேன்"னேன்.

சனிக்கிழமை காலையில் மிக்ஸி, டிவி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செல்வியின் போனில் பேசிப் பதிவு செய்தேன். இது இருக்குது, அது இருக்குது, இது இல்ல. இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாமா? கிரைண்டர் இல்லாத வீட்டில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தானே வருவோம்? அதனால் என்ன போட வேண்டும் என்பதையும் சொன்னேன். அந்த இங்கிலீஷ் பெயரைச் செல்வி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெரியாத எழுத்துகள்தான். தெரியாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. பதினோரு தடவை ஆனது. நடுவில் இரண்டு தும்மல். அந்தப் பேச்சைக் கான்ஃபிகருக்குள் வைத்து, டீச்சருக்கு மறுபடி அனுப்பினாள் செல்வி.

மாதவனுக்கு விஷயம் போனது. எந்த ஊரிலாவது கான்ஃபிகருக்குள் அம்மா குரலை வைப்பார்களா, மானம் போகிறது, வேண்டுமானால் "இருக்குது" என்பதையாவது "உள்ளது" என்று மாற்றுங்கள் என்றான். பேத்தி எடுத்தவளுக்கு இவன் பேசக் கற்றுத் தருகிறான்.

"எனக்கு எப்படி வருதோ அப்படித்தான் பேசுவேன். உனுக்குக் கூச்சமா இருந்தா காதைப் பொத்திக்கோ"ன்னேன். அப்போதுதான் அவன் போனை வைத்தது.

ஞாயிறு மத்தியானம் டீச்சர் கூப்பிட்டார். கான்ஃபிகர் மூன்று தடவை 'இருக்குது' என்றதாம், நாலாவதில் 'இல்ல' என்றதாம். நான் சொன்ன எழுத்துகளை அப்படியே தட்டி, இல்லாததைப் போட்டு, மறுபடி ஓட்டினாராம். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. யாரையும் அவர் கூப்பிடவும் இல்லை.

"முதல் பாடம் ரெண்டு வாட்டி கேட்டுட்டேம்மா. இன்னொரு வாட்டி கேட்டா மனப்பாடம்"னார்.

எனக்கு வாயெல்லாம் பல். செல்வி அழுதாள், கேட்டால் வெங்காயம் என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு.

ஐயையோ, மோட்டார் போட்டதை மறந்தே போனேன். டேங்க் வழிந்து படியெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, நான் போகிறேன். மிச்சத்தை டீச்சரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் — ஒன்பதாம் வகுப்பில்தான் இருப்பார்.