நன்றி சொன்ன வீடு

வேலையை விட்டுவிட்டு வியட்நாமுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னது அவனிடம்தான். தேக்கா உணவங்காடியில், இரண்டு தட்டு பிரியாணிக்கு நடுவில். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வது?

"ஒரு வருஷம்தான்," என்றேன். "சின்ன ஊரு. கடலோரம். பிள்ளைங்களுக்கு கிளாஸ். தங்க ரூம் அவங்களே குடுக்குறாங்க."

சொல்லும்போது எனக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷம் வந்தால் வேகமாகப் பேசுவேன். அவன் அதற்கு நேரெதிர். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஃபிளாட்?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் சிங்கப்பூரில் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவதெல்லாம் பிறகுதான். முதலில், "ஃபிளாட்டுக்கு அப்ளை பண்ணலாமா?" என்று பையன் கேட்பான். அதுதான் கேள்வி. 'சரி' என்றால் கல்யாணத்துக்குச் சரி என்று அர்த்தம். அரசாங்க வீட்டுக்கு இருவர் பெயரையும் சேர்த்து விண்ணப்பிப்போம். குலுக்கலில் வரிசை எண் வரும். நல்ல எண் என்றால் ஒரு நாள் கூப்பிடுவார்கள், இரண்டு பேரும் போய் எந்த மாடி, எந்த வீடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பிறகுதான் கட்டடமே எழும்பும். அவன் என்னிடம் கேட்டிருந்தான். நான் சரி என்றிருந்தேன். எங்களுக்கு நல்ல எண் வந்து, தோ பாயோ வட்டாரத்தில் வீடு தேர்ந்தெடுக்க, அங்கேயே உள்ள வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து தேதியும் வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வியட்நாம் வந்தது.

"கட்டி முடிக்கவே நாலு வருஷம் ஆகும்," என்றேன். "அதுக்குள்ள நான் வந்துடுவேன் லா."

"எல்லாரும் ஒரு வருஷம்னுதான் போறாங்க."

"நான் எல்லாரும் இல்ல."

"அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "யோசிக்கணும். டைம் குடு," என்றான்.

கொடுத்தேன். இதில் முடிவு சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு என்பது எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வீடும் வேண்டும், அவனும் வேண்டும், அந்தக் கடலோர வகுப்பறையும் வேண்டும் என்று நினைத்தேன். மூன்றையும் ஒரே பையில் கட்டிவிடலாம் என்றும் நம்பினேன்.

அப்போது நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு அலுவலகத்தில் இருந்தேன். எந்தப் பெட்டி எந்த விமானத்தில் போகிறது என்று கணினியில் ஏற்றும் வேலை. ஆர்க்கிட் பூ, உறைந்த மீன், கைப்பேசி உதிரிகள், ஒருமுறை ஒரு பந்தயக் குதிரை. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் விமானங்களின் வயிறு மட்டும்தான் தெரியும். பயணிகள் ஏறுவதையோ, யாராவது யாருக்காவது கையசைப்பதையோ நான் அங்கிருந்து பார்த்ததில்லை. நல்ல வேலைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுவே எனக்கு மூச்சுமுட்டியது.

வியட்நாம் பக்கத்தில் எங்கள் சரக்குகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் இருந்தாள். நேரில் பார்த்ததே இல்லை. வேலை மின்னஞ்சலின் கடைசியில், 'இதை என் மேலதிகாரி கோபப்படாதபடி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?' என்று ஏதாவது கேட்டு அனுப்புவாள். நான் பதில் எழுதுவேன். ஒன்றுக்கு மூன்றாக எழுதுவேன். அவள் அதைப் பயன்படுத்திவிட்டு, என்ன நடந்தது என்று சொல்வாள். நாள் முழுக்க நான் செய்த வேலையில், அந்தப் பதில் எழுதிய பொழுதில்தான் நான் விழித்திருந்ததாகத் தோன்றியது. அதைக் கவனித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன், வேலை முடிந்து வந்து படித்தேன், தேறினேன். அவள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆங்கிலப் பள்ளி ஆள் தேடியது.

தேக்காவில் அவனிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும், நாங்கள் இருவருமாக வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் சொல்வதாக ஏற்பாடு.

எங்கள் கோவிலில் பூசை தொடங்குவதற்கு முன், அன்றைய கருத்துகளை வாசிப்பார்கள். இறந்தவர்களுக்காக, நோயாளிகளுக்காக, நன்றியாக என்று குடும்பங்கள் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைத்திருப்பவை. நான் அதைப் பாதிக் காதோடுதான் கேட்பேன். அன்று என் பெயர் கேட்டது. அதற்கு அடுத்தாற்போல் அவன் பெயர். "புது வீடு கிடைத்தமைக்காக இறைவனுக்கு நன்றியாக."

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, கைகளைக் கூப்பி நின்றார்.

வரிசை எண் வந்ததையே வீடு வந்ததாக எடுத்துக்கொண்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, அம்மா சொன்னதையும் கேட்கவில்லை. நல்லது நடந்தால் முதலில் பங்கு அலுவலகத்துக்குப் போவது அவர் பழக்கம். நான் தேர்வில் தேறியபோதும், எனக்குச் சாங்கியில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான் போனார். அவரும் அதே சாங்கியில் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றி ஓய்வு பெற்றவர்.

பூசை முடிந்து வெளியே வந்தால், முற்றத்தில் கோப்பிக் குவளையோடு எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"எத்தனாவது மாடி?"

"தோ பாயோவா? ஐயோ, நல்ல இடம் லா. எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்துலயே."

"சீக்கிரம் தேதி சொல்லுங்க. இப்பவே சேலை எடுத்தாதான் சரியா இருக்கும்."

பாடகர் குழுவில் இருக்கும் ஓர் ஆன்ட்டி அவன் கன்னத்தைக் கிள்ளி, "மாப்பிள்ளை, எங்க வீட்டு லிஃப்ட்ட கூட நீதானே ரிப்பேர் பண்ண? உன் வீட்டுக்கு நல்ல லிஃப்டா பாத்து எடு!" என்றார். அவன் மின்தூக்கித் தொழில்நுட்பர். எல்லாருக்கும் சிரிப்பு. அவனும் சிரித்து, "தேங்க்யூ ஆன்ட்டி," என்றான். ஒவ்வொருவருக்கும் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் என் காதருகில் வந்து, "கடவுளுக்கே தேங்க்யூ சொல்லியாச்சு. இனிமே என்ன பண்றது?" என்றான். வேடிக்கையாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

வீட்டில் சொன்னோம். நான் சொன்னேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மாதான் முதலில் பேசினார், அதுவும் என்னிடம் இல்லை.

"நம்பர் வேற, வீடு வேறன்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டீங்களா? இப்ப போய் ஃபாதர்கிட்ட என்ன சொல்லுவீங்க, ரிட்டர்ன் பண்ணணும்னா?"

அப்பா என்னிடம் திரும்பினார்.

"வேலைய விடுறது உன் இஷ்டம் மா. நீ அங்க உக்காந்து உக்காந்து வாடுறது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா இந்தத் தம்பிய நடுவுல நிக்க வெச்சிட்டுப் போகாத. சரின்னு அவர் வாயால சொல்லட்டும். சொல்ற வரைக்கும் நீ ஆபீஸ்ல பேப்பர் போடக்கூடாது."

"சரிப்பா," என்றேன். வியட்நாம் பள்ளிக்கு நான் பதில் சொல்ல வேண்டிய வாரமும், தோ பாயோவில் வீடு தேர்ந்தெடுக்க வேண்டிய வாரமும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே வீடு தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாளில் எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த நாள் காலையில் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அந்த அலுவலகத்தில், வரப்போகும் கட்டடங்களைச் சிறிதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி அளவு அடுக்குகள், பச்சைப் பஞ்சில் மரங்கள். சுவரில் பெரிய திரை. யாராவது ஒரு வீட்டை எடுத்துவிட்டால், அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும். எங்களைப் போன்ற ஜோடிகள் கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினான். "இது வேணாம். லிஃப்ட் மோட்டார் சத்தம் நேரா பெட்ரூமுக்கு வரும். இது மேற்கு வெயில். இது பாரு, மூலை வீடு. காத்து வரும். உங்கம்மா கேட்ட மாதிரி வாசலுக்கு நேரா சுவர் இருக்கு, இருதய ஆண்டவர் படம் மாட்டலாம்."

அவன் இவ்வளவு தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அந்த மூலை வீடு திரையில் இன்னும் சிவப்பாகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தோம். "எனக்குக் கோவம் இல்ல," என்றான்.

"தெரியும்."

"ஒண்ணு கேக்குறேன். நான் போகாதேன்னு சொன்னா, போக மாட்டியா?"

நான் வேகமாகப் பேசுகிறவள். அதற்கு மட்டும் பதில் வர நேரமாயிற்று. "போக மாட்டேன்," என்றேன்.

அவன் தலையாட்டினான். "அப்படி நீ இருந்தா, தினமும் ராத்திரி சாப்பிடும்போது நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன், வருத்தப்படுறியா இல்லையான்னு. நீ போயிட்டு வீட்டுக்காகத் திரும்பி வந்தாலும் அதேதான். என்னால அப்படி இருக்க முடியாது."

"அப்போ?"

எங்கள் எண் வந்தது.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி சிரித்து, எந்த வீடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். இன்றைக்கு நாங்கள் எடுக்கவில்லை என்று அவன் சொன்னான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது நல்ல எண், விட்டுவிட்டால் மறுபடி எப்போது வருமோ தெரியாது, இன்னும் கொஞ்ச நேரம் யோசிக்கிறீர்களா என்று மென்மையாகக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் இன்னும் இடம் இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருந்தால், அந்த மூலை வீட்டின் எண்ணை மட்டும் சொல்லியிருந்தால்கூட, அவன் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பான். நான் முகப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "இட்ஸ் ஓகே, கக்கா," என்று, மலாயில் அக்கா முறை வைத்து, அவன் அந்தப் பெண்மணியிடம் சொன்னான். அவரைத் தேற்றுவதைப்போல இருந்தது.

கீழே இறங்கிக் கோப்பி குடித்தோம். அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு அடுக்குமாடி புளோக்கில் மதியம் வேலை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆபீஸ்ல பேப்பர் போட்டுடு. அப்பாகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லு," என்றான். போய்விட்டான். அவன் தெருவைக் கடந்து முடிக்கும்வரை பார்த்தேன்.

நான் சாங்கியிலிருந்துதான் கிளம்பினேன். அத்தனை காலம் வேலை பார்த்தும், பயணிகள் கூடத்தை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவனும் வந்தான். ஒரு பை மாங்காய் ஊறுகாய் கொடுத்தான். கட்டிப்பிடித்தோம். நாங்கள் பிரிந்ததாக யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இந்தக் கடலோர ஊரில் வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நினைத்ததைவிடக் கடினம், நினைத்ததைவிடப் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் எல்லாருக்கும் இப்படிச் சுருள் முடியா என்று கேட்டார்கள். ஒரு வருடம் முடிந்தபோது பள்ளி இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னது. அவனிடம் தொலைபேசியில் சொன்னேன். "எனக்குத் தெரியும்," என்றான். பிறகு, கோவிலில் ஒரு பெண்ணைப் பார்க்கச் சொல்லி அவன் வீட்டில் கேட்கிறார்கள் என்றான். போய்ப் பார் என்றேன். சொல்லிவிட்டு மாலை வகுப்புக்குப் போனேன், வேறெங்கே போவது என்று தெரியவில்லை. அன்று பாடம் வீட்டில் உள்ள அறைகளின் பெயர்கள். நான் அதை மாற்றி வேறு பாடம் எடுத்தேன்.

அப்பா மாதம் ஒருமுறை கைப்பேசியில் படம் அனுப்புகிறார். பேருந்திலிருந்து எடுத்தது, பாதி ஜன்னல் சட்டத்தோடு இருக்கும். தோ பாயோவில் அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. முதலில் மண், பிறகு கம்பிகள், இப்போது பச்சை வலை போர்த்திய சுவர்கள். போன வாரம் வந்த படத்தில் மூலைப் பக்கம் நன்றாகவே தெரிந்தது. நாங்கள் பார்த்த மாடி வரை வந்துவிட்டது.

உடனே அழைத்தேன்.

"அப்பா, இன்னும் ஏம்பா அங்க போறீங்க? அது நம்ம வீடு இல்ல."

"தெரியும் மா."

"வேற யாரோ எடுத்திருப்பாங்க."

"எடுத்திருப்பாங்க. நல்லா இருக்கட்டும்." பின்னணியில் பேருந்தின் கதவு திறந்து மூடியது. "நான் நன்றி சொன்ன வீடு இல்ல? எப்படி வருதுன்னு பாக்குறேன்."

பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்றேன். வகுப்பறை காலியாகத்தான் இருந்தது. அவர் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கி, ஜன்னல் இன்னும் வைக்காத அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் நிஜமாகவே வரும்வரை.