திரும்ப வாங்கிய மாத்திரைகள்

நான் மனநல மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது கேட்டால், அம்மா "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த ஆஸ்பத்திரி என்று மேலும் கேட்டால், "தூரம் லா" என்று பேச்சை மாற்றிவிடுவார். அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பழகிவிட்டது. பழகாத ஒன்று இருக்கிறது.

கிள்ளானிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வருவார்கள். அக்கா ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர், கல்யாணம் ஆகாதவர். தம்பி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நோய் வந்தது. காதில் குரல்கள் கேட்டன. சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நம்பினார். அக்கா முதல் வாயைத் தான் சாப்பிட்டுக் காட்டினால்தான் அவர் தட்டைத் தொடுவார். பல வருடங்கள் அப்படியே ஓடிவிட்டன. நான் வேலையில் சேர்ந்த புதிதில், அவர் கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருப்பார். அக்காதான் வந்து மருந்து வாங்குவார்.

எல்லா மருந்தையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் டாக்டர் குளோசபின் எழுதினார். எதற்கும் அடங்காத நோய்கூட அதற்குச் சில சமயம் அடங்கும். ஆனால் மிகச் சிலருக்கு அது ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அப்படிக் குறைந்தால் சாதாரணக் காய்ச்சலே உயிரை வாங்கிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் நாங்கள் மாத்திரை கொடுப்பதில்லை.

"காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா பனடோல் குடுத்துட்டு வீட்ல இருந்துடாதீங்க அக்கா. உடனே கூட்டிட்டு வந்துடணும்" என்றேன்.

"வரேன் மிஸ். இது வேலை செய்யுமா?"

"பார்ப்போம் அக்கா."

வேலை செய்தது. முதலில் கைகள் காதிலிருந்து இறங்கின. பிறகு ஒரு காலை, கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் கேட்டது. "குட் மார்னிங் மிஸ். என் ரத்தம் ஓகேயா?" நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். அதுவரை அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகு தனியாகவே ரயிலேறி வந்தார். கிள்ளானில் ஒரு பூக்கடையில் வேலை கிடைத்தது. உடம்பு பெருத்துவிட்டது, தூக்கத்தில் எச்சில் வழியும், அந்த மருந்தின் குணம் அது. "தலையணை தினமும் குளிக்குது மிஸ், நான்தான் குளிக்கல" என்று சிரிப்பார். அக்கா தட்டிலிருந்து மீன் துண்டைத் திருடித் தின்பதாகவும் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அக்காவும் கூடவே முறுக்கு டப்பாவோடு வந்தார். "மிஸ், இவன் ஜோக்கெல்லாம் அடிக்கிறான். நோய் வந்தப்ப இவன் பையன்தானே. பெரியவனா ஆனா எப்படி இருப்பான்னு நான் பார்த்ததே இல்ல. இப்பதான் பாக்கறேன்" என்றார்.

சில மாதங்கள் கழித்து, தம்பி மருந்துக்காக வெளியே காத்திருந்தபோது ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வெள்ளை அணுக்கள் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தன. டாக்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, கையில் மீதமிருக்கும் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

அவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடியின் கீழே தள்ளினார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"பாதி மாத்திரை போட்டா?"

"ஆகாது அண்ணே."

"ரத்தம் திரும்ப ஏறிட்டா குடுப்பீங்களா?"

"ஏறினாலும் இந்த மருந்து இனிமே உங்களுக்கு வேணாம்னு டாக்டர் முடிவு பண்ணிட்டாரு. வேற மருந்து ஆரம்பிப்பாங்க."

"அதெல்லாம்தான் முன்னாடி போட்டேனே மிஸ்."

அவர் விரலை எடுத்தார். "அது திரும்ப வந்துடும். எனக்குத் தெரியும். வந்தா நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியாது. அக்காவ அடிச்சிடாம பாத்துக்கணும். அத மட்டும் டாக்டர்கிட்ட சொல்லி வையுங்க மிஸ்."

நான் கவுண்டரைச் சக ஊழியரிடம் விட்டுவிட்டு வெளியே வந்து, அக்கா வந்து சேரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றே அவரைப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் தேறிவிட்டது.

நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பியது. சாப்பிட மறுத்து, எலும்பும் தோலுமாய் எங்கள் வார்டுக்கு வந்தார். டாக்டர்களோடு நானும் வார்டைச் சுற்றிவரும்போது என்னைப் பார்த்தார். கட்டிலின் மூலைக்கு ஒடுங்கிப்போய், "இவதான்! இவதான் விஷம் கலக்கறா!" என்று கத்தினார்.

மருந்து கொடுப்பதுதான் என் தொழில். நான் வெளியே வந்துவிட்டேன்.

கட்டிலருகே இருந்த அக்கா பின்னாலேயே ஓடி வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க மிஸ். அது அவன் பேசல, நோய் பேசுது."

"தெரியும் அக்கா." பிறகு என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன். "அந்த மருந்த ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாமோன்னு உங்களுக்குத் தோணுதா?"

அவர் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்ல. அந்த ஒரு வருஷம் எனக்கு வேணும். ஆனா முன்னாடி, நோய்க்காரத் தம்பினு மட்டும்தான் தெரியும். இப்ப உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சு போச்சு மிஸ். அதான் தாங்கல."

நான் அவர் முதுகில் கை வைத்தேன். வேலைக்கு உடுத்தும் பூப்போட்ட பாஜு குரோங்கில் வந்திருந்தார். முதுகு வியர்த்து நனைந்திருந்தது.

இப்போது தம்பி செமினியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஊசியும் வேறு இரண்டு மாத்திரையுமாக ஒருவாறு அமைதியாக இருக்கிறாராம். அடிப்பதில்லை. யாரிடமும் பேசுவதும் இல்லை. மாதம் ஒருமுறை அக்கா வந்து மாத்திரைகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

போன முறையும் வந்தார். எப்போது எதைக் கொடுக்க வேண்டுமென்று அவருக்கு மனப்பாடம். ஆனாலும் நான் சொன்னேன், அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது கண்ணாடியருகே குனிந்து, "புதுசா ஏதாச்சும் மருந்து வந்திருக்கா மிஸ்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல அக்கா."

"பரவால்ல லா" என்று சொல்லிவிட்டு, பையின் ஜிப்பை மூடிக்கொண்டு ரயிலுக்குப் போனார். அடுத்த மாதமும் கேட்பார்.