என் பொய்ச்சாட்சியும் எஸ்தரின் உயிரும்

எஸ்தரைப் பாம்பு கடித்த அன்று அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். அதற்குக் காரணம் நான். சகோதரரே, சகோதரிகளே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

என் பெயர் தாவீது. பழைய பெயர் முனுசாமி. மேனாம்பேட்டில் ஓலைக் கொட்டகையில் கூடுகிற பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவன். நாங்கள் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைக்கிறவர்கள். போதகர் ஐயா பூவிருந்தவல்லியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையார் தேர்ந்தெடுத்த உதவிக்காரர் ஜெபம் நடத்துவார். நான் சொல்லப்போகிற நாளில் அந்த உதவிக்காரர் நான்தான்.

எங்கள் சபையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்து, விசுவாசம் வந்து, சபையார் முன்னால் எழுந்து நின்று, கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கடைசியில் எல்லாரும் கை தூக்கினால்தான் அம்பத்தூர் ஏரியில் முழுக்கு. அதற்கும் ஏரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். என் முழுக்குக்கு முந்தி இரண்டு வருஷம் மழை பொய்த்துப் போய், முழுக்கு எடுக்க வேண்டியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். நானும் அப்படிக் கிடந்தவன்தான். மூன்றாவது வருஷம் ஐப்பசியில் ஏரி நிரம்பியது.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என்னைப் பாம்பு கடித்திருந்தது. சாரையா விரியனா, இன்றைக்கும் தெரியாது. என் சொந்தக்காரர்கள் என்னைக் கள்ளிக்குப்பத்து மந்திரவாதியிடம் தூக்கிப்போனார்கள். அவன் கடிவாயைக் கீறினான், வேப்பிலை அடித்தான், கையில் தாயத்துக் கட்டினான். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிர்மேல் ஆசை. பிழைத்ததும் தாயத்தை அறுத்துக் கிணற்றில் போட்டேன்.

சபைக்கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால், மந்திரிக்கப் போனவன் ஒரு வருஷம் பொறு என்றிருப்பார்கள். அடுத்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்குமோ இராதோ. நான் எழுந்து நின்று, "என்னைப் பாம்பு கடித்தது. மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. முழங்கால் போட்டு ஜெபித்தேன். விஷம் இறங்கிவிட்டது" என்றேன். கொட்டகையே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. அத்தனை கையும் ஒன்றாக எழும்பியது. அன்றுமுதல் நான் பாம்பு தாவீது. புதிதாக யார் வந்தாலும், "அண்ணாத்தே, உங்க பாம்புக் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல பாம்பு நீளமாகிக்கொண்டே போனது. அந்தப் பெயரால்தான் என்னை உதவிக்காரராகவும் வைத்தார்கள்.

இப்படி ஐந்து வருஷம் ஓடிற்று. ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கியிருந்த யுத்த காலம். தை அறுவடை. மத்தியானம் கதிர்க்கட்டைத் தூக்கக் குனிந்த எஸ்தரைக் கண்ணாடி விரியன் கடித்தது. அவள் என் சிநேகிதன் யோனாவின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வேறு கழனியில் இருந்தேன். யோனா ஆள் அனுப்பினான். "அண்ணாத்தே, ஒடனே வாங்க. நீங்க வந்து ஜெபம் பண்ணா போதும்னு யோனா சொல்றான்."

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் யோனா வீட்டு வாசலில் எஸ்தர் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்துவிட்டது. பல் ஈறில் ரத்தம் கசிகிறது. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள். "யோனா, ஏன்டா இன்னும் தூக்கிக்கினு போவல?" என்று கத்தினேன்.

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "எங்க போவணும் அண்ணாத்தே? உங்களுக்கு வெஷம் எறக்கின சாமி எங்களுக்கு எறக்க மாட்டாரா? மருந்துன்னு போனா நம்பிக்கை இல்லன்னு ஆயிடாதா? நீங்க முட்டி போடுங்க."

நான் முழங்கால் போட்டேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. ஐந்து வருஷமாகக் கொட்டகையில் மழைபோல ஜெபம் பொழிந்த வாய் அது. கடவுள் அறிய, ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சாகப்போகிறாள், நான் சொன்ன பொய்யால் சாகப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என் பெயர் போகும், சபை போகும், இந்த ஊரில் தலைநிமிர முடியாது. இதையும் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு பெண் செத்துக்கொண்டிருக்க நான் என் பெயரைப் பற்றி யோசித்தேன்.

அப்புறம் மனசுக்குள் ஒரே ஒரு வரி ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், இவளை விட்டுவிடும்."

கண்ணைத் திறந்து சொன்னேன். "நான் சொன்னது பொய்ப்பா. கள்ளிக்குப்பத்துல மந்திரிச்சிக்கினேன். தாயத்து கட்டிக்கினேன். ஜெபம் பண்ணவே இல்ல. பயத்துல கோயில் ஆத்தாளைத்தான் கூப்டேன். தூக்குங்க இவள."

யோனா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியவன் அப்படியே நின்றான். பிறகு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான். நான் கால்மாட்டைப் பிடித்தேன். இன்னும் இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகக் கை கொடுத்தார்கள். வரப்பிலும் வண்டித்தடத்திலும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

நாங்கள் போய்ச் சேரும்போது பட்டணம் போகிற வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. அடுத்த வண்டி சாயங்காலம்தான் என்றார்கள். யுத்த காலத்து வண்டிக்கு அதுவும் நிச்சயமில்லை. எஸ்தர் ரத்தமாக வாந்தி எடுத்தாள். யோனா தரையில் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். அவனைத் தொட எனக்கு முகம் இல்லை.

நான் பிளாட்பாரத்தில் குப்புற விழுந்தேன். அந்தக் கப்பிக்கல் நெற்றியில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது. பொய்யன் ஜெபத்தைக் கேட்பாரா என்று யோசிக்கவும் நேரமில்லை. வண்டி அனுப்பும், வண்டி அனுப்பும் என்று பிச்சைக்காரனைப்போல அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆவடிப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அங்கே நிற்கிற வண்டி இல்லை அது. சிக்னல் விழாமல் வேகம் குறைந்து குறைந்து, கடைசிப் பெட்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. கார்டு எட்டிப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கேட்பதற்குள் கட்டிலையும் அவள் வாயையும் பார்த்துவிட்டு, "சட்டுனு ஏத்துங்கய்யா, சிக்னல் வுழுந்தா நா நிக்க முடியாது" என்றார். ஏற்றி முடிக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. சிக்னலால் நின்றது என்று யோனா இன்றும் சொல்வான். சிக்னலும் கர்த்தருடையதுதானே என்று நான் சொல்வேன். அவன் வாதாட மாட்டான்.

பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்று டாக்டர் எங்களைத் திட்டினார். மூன்று வாரம் கிடந்தாள். இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு விரலும் என் கணக்கில்தான்.

அவள் திரும்பி வந்ததற்கு அடுத்த சபைக்கூட்டத்தில், போதகர் ஐயா முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பொய், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சேர்த்த பொய், எல்லாம். என்னை உதவிக்காரர் வேலையிலிருந்து நீக்கவும், ஒரு வருஷம் திருவிருந்தில் சேர்க்காமல் வைக்கவும் சம்மதமா என்று ஐயா கேட்டார். கைகள் எழும்பின. எஸ்தர் கோலை ஊன்றிக்கொண்டு நின்று அவளும் கை தூக்கினாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் அழுதேன்.

கை இறக்கின பிறகு அவள் ஐயாவிடம், ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டாள்.

"பொய் சொன்னதுக்குக் கை தூக்கினேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லாரும் பாடிக்கினு இருந்தாங்க. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னுதான் இருந்திச்சி. வாயத் தெறந்து சொன்னா, நம்பிக்கை இல்லாதவள்னு நெனைப்பாங்கன்னு பயம். யாராச்சும் என்ன இங்கேர்ந்து தூக்கிக்கினு போவணும் ஆண்டவரேன்னு உள்ளுக்குள்ள கேட்டுக்கினு கெடந்தேன். அண்ணாத்தே வந்தாரு."

நான் அந்த நிமிஷம் வரை, என் ஜெபத்துக்குத்தான் பதில் வந்தது என்று எண்ணியிருந்தேன். அவள் ஜெபம் எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் என் வாயிலிருந்து உண்மை பிடுங்கப்பட்டது.

அந்த ஒரு வருஷமும் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் என்னைத் தாண்டிப் போகும். பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். வருஷம் முடிந்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். உதவிக்காரர் வேலையை மறுபடி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எங்கே ஜெபித்தாலும் சின்ன ஜெபம்தான். அலங்காரமாகப் பேச வாய் எழும்பினால் எனக்கே பயமாக இருக்கிறது. மழை தப்பாமல் பெய்கிறதோ இல்லையோ, கர்த்தர் என்னைத் தள்ளிவிடவில்லை என்பதற்காக தினமும் அவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது என்னைப்போல ஒன்றை ஒளித்து வைத்திருக்கலாம். அதைச் சரி செய்துவிட்டு, யோக்கியனாகி, அப்புறம் அவரிடம் போகலாம் என்று நாள் தள்ளாதேயுங்கள். அழுக்கோடு இருந்தால் அழுக்கோடே போய் விழுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். என் மனசு சுத்தமாகட்டும், பிறகு ஜெபிக்கிறேன் என்று அன்றைக்கு நான் காத்திருந்தால், எஸ்தர் செத்திருப்பாள்.