இரண்டாவது குமிழ்

வாரத்தில் ஐந்து நாள் புனேயில் வானவடியிலிருந்து கராடி ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போய் வந்து, ஆறாவது நாள் வீட்டு வேலை பார்த்து, ஏழாவது நாளாவது மனுஷன் கொஞ்சம் படுக்கலாம் என்றால் முடியாது. எங்கள் வீட்டில் ஞாயிறு காலைதான் ரெக்கார்டிங். மாடி வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடாத ஒரே நேரம் அதுதான்.

என் மனைவி ஒரு சென்னைக் கம்பெனிக்காகக் குழந்தைக் கதைகள் வாசிக்கிறாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. வீட்டில் பேசிய தமிழ்தான் தெரியும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு தானே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பழைய வேலையை விட்டு எட்டு வருஷம் கழித்து வந்த முதல் வேலை இது. எப்படியாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டுமென்று தவித்தாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் அவள். வெளியே ஹாலில் நான். என் முன்னால் டிபன் டப்பா அளவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மிக்ஸர். முதல் குமிழ் அவள் குரலுக்கு. இரண்டாவது என் மைக்குக்கு. "நிறுத்து, மறுபடி சொல்லு" என்று அவள் ஹெட்போனில் சொல்வதற்கு. சொல்லி முடித்ததும் அதைத் திருகிக் குறைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

சிக்கல், 'நா'. மராத்திக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு கடைசியில் ஒரு 'நா' சேர்ப்பார்கள். இவளும் அப்படித்தான். "வாங்க நா, சாப்பிடுங்க நா." வீட்டில் சரி. கதையிலும் யானை குரங்கைப் பார்த்து, "இறங்கி வா நா" என்றது. கம்பெனி மூன்று கதைகளைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு தரம் இப்படி வந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்றும் எழுதிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு ஏழாம் பக்கத்தில் மட்டும் ஆறு தடவை 'நா' விழுந்தது. எனக்குத் தலை வலித்தது. "கொஞ்சம் நிறுத்து" என்று மைக்கில் சொன்னேன். அப்போது பார்த்துக் கோயமுத்தூரிலிருந்து அக்கா போன்.

"என்னடா பண்ணீட்டிருக்கே?"

"மிக்ஸர் முன்னால உக்காந்திருக்கேங்க்கா."

"காலங்காத்தால மிச்சரா?"

சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி.

"அட, ரெக்கார்டிங்குக்கா. இவ பேசறதெல்லாம் ஒரு தமிழாங்க்கா? காது கூசுது. பத்து வருஷமாப் பொறுத்துட்டிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே யாராச்சும் எச்சரிச்சிருக்கலாம்."

அக்கா சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசுடா, அந்தப் புள்ள காதுல விழப்போகுது."

"கதவு சாத்தியிருக்குங்க்கா" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

போனை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். இரண்டாவது குமிழின் மேலே, சத்தம் போனால் எரியும் பச்சை விளக்கு பளிச்சென்று மினுங்கி அணைந்தது. அய்யோ! குறைக்கவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் ஹெட்போனில் கேட்டிருப்பாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

அவள் ஏழாம் பக்கத்தை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பதினான்காம் பக்கம் வரை நிறுத்தவேயில்லை. ஒரு 'நா' இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு தடவையாவது தப்பு விடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். முடித்துவிட்டு வெளியே வந்து ஹெட்போனை மேஜையில் வைத்தாள். "ஹோ கயா" என்றாள். முடிந்ததாம், இந்தியில்.

கம்பெனிக்குப் பரம திருப்தி. மேலும் பத்துக் கதைகள் கொடுத்திருக்கிறார்கள். நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சண்டை போட்டிருந்தால் தேவலை. "கோயி பாத் நஹீ" என்றாள். பரவாயில்லையாம், பக்கத்து ஃப்ளாட்காரரிடம் சொல்வதுபோல. அன்றிலிருந்து என்னிடம் இந்திதான். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் மரியாதையான, சுத்தமான இந்தியில்தான். நானும் ஓய்ந்துபோனேன்.

நேற்று ஆபீஸ் முடிந்து வந்தபோது கதவுக்கு உள்ளே அவள் குரல். தன் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அரே, ஒருநாள் வா நா! உனக்குப் பிடிச்ச பாஜி பண்றேன் நா!" நடுநடுவே சிரிப்பு வேறு. கால் கடுத்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள்.