தொண்ணூறில் வந்த தாய்மாமன்

காலை ஆறரைக்குப் பஸ் என்று சொல்லியிருந்தார்கள். நான் திருச்சிக்காரி. ஆறரை என்றால் ஆறேகாலுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ரகம். மலேசியாவின் ஈப்போவில் அந்த நேரத்துக்கு இன்னும் விடிந்திருக்காது. அங்கே புந்தோங் பகுதியில் கமலா அக்கா வீட்டு வாசலில், அந்தத் திங்கட்கிழமை இருட்டில் என்னோடு நின்றது பஸ்ஸும் அதன் டிரைவர் குணாவும்தான்.

கமலா அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். என் தாத்தாவின் தம்பி ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்ட வழியில் வந்தவர். பத்து நாள் அவர் வீட்டில் தங்கி ஊர் பார்க்க வந்தவளை, "நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம், தெலுக் இந்தான்ல. நீயும் வா," என்று கூட்டத்தில் சேர்த்துவிட்டார். மணப்பெண் தர்ஷினி. குணா அவளுடைய தாய்மாமன்.

"மாமன் நீங்க, முதல் நாளே போகாம இங்க நிக்கிறீங்களே?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு கிலாங்கோடது அக்கா. கிலாங்னா தொழிற்சாலை, அங்க வேல செய்ற ஆளுங்கள ஏத்துற பஸ். லீவு நாளுன்னு மொதலாளி குடுத்தாரு, ஆனா நாந்தான் ஓட்டணும்னு சொல்லிட்டாரு. எங்க அக்கா, மச்சான், பொண்ணு எல்லாம் நேத்தே போயிட்டாங்க. நான் ஒம்பது மணிக்குள்ள போயிட்டா போதும்."

ஒன்பதேகாலுக்குப் பெண்ணை மணவறைக்கு அழைப்பார்கள். மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டியவர் இவர். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் பட்டு வேட்டியும் சட்டையும் மடிப்புக் கலையாமல் தொங்கின. அதை அவர் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஏழு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். முனைக் கடையில் இரண்டரை ரிங்கிட்டுக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கித் தின்று முடிப்பதற்குள் எட்டுப் பேர் ஆனார்கள். மல்லிகைப்பூ வரவில்லை என்று ஒரு வீட்டில் சத்தம். இன்னொரு வீட்டில் முகத்துக்கு இன்னும் பூச்சு முடியவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஏழு இருபதுக்குக் கமலா அக்கா பதறிக்கொண்டு வெளியே வந்தார். "குணா, ஏழரைக்கு ராகு காலம்லா. பஸ்ஸ எடுத்துக் கோயில் முன்னாடி நிறுத்து. கெளம்புன கணக்குல வந்துரும்."

எங்கள் பக்கத்தில் இதைப் பரஸ்தானம் என்பார்கள். நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. ஆள் சாவகாசமாகப் பிறகு போகலாம். ஒரு பஸ்ஸையே பரஸ்தானம் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். குணா காலிப் பஸ்ஸை ஐந்து வீடு தள்ளியிருந்த கோயில் முன்னால் போய் நிறுத்தினார். வினை அங்கேதான் பிடித்தது. சாஸ்திரப்படி கிளம்பியாகிவிட்டதல்லவா, அதோடு எல்லாருக்கும் அவசரம் போய்விட்டது. "கெளம்பியாச்சு, கெளம்பியாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஆளாளுக்கு இன்னொரு டம்ளர் காப்பி குடித்தார்கள். சக்கரம் நிஜமாக உருண்டபோது ஏழு ஐம்பது.

தெலுக் இந்தான் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீடோர் வரைக்கும் நெடுஞ்சாலை, அப்புறம் உள்சாலை. ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்புக் குன்றுகள் பின்வாங்க, கோப்பெங் பக்கம் வந்தபோது பனி மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கக் கண் நிறைந்தது. ஆனால் பஸ்ஸில் யாரும் மலையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. குணா வலது பக்கம் ஒதுக்கி அதைத் தாண்டப் போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். லாரி டிரைவரும் நானும் ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் வீட்டு நலம் விசாரித்திருப்பேன்.

"அண்ணே, அழுத்துங்கலா!" என்று பின்னாலிருந்து கத்தினான் ரவி. கமலா அக்காவின் மகன், ஈப்போவில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன்.

"அழுத்தித்தான் வச்சிருக்கேன்," என்றார் குணா.

எட்டிப் பார்த்தேன். பெடல் தரையோடு ஒட்டியிருந்தது. முள் தொண்ணூறில் நின்றது. அதற்கு மேல் நகர மறுத்தது.

பஸ்களிலும் லாரிகளிலும் வேகத்துக்குக் கடிவாளம் போடும் ஒரு சின்னப் பெட்டி இங்கே கட்டாயமாகியிருக்கிறது. தொண்ணூறைத் தொட்டதும் எஞ்சின் போதும் என்று சொல்லிவிடும். ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கே வேக எச்சரிக்கைக் கருவி வந்துவிட்டது என்று ரவி சொன்னான். "மாப்பிள்ளையோட புதுக் காருலகூட எல்லையத் தாண்டினா டிங் டிங்னு கத்தும் அண்ணே. ஆனா நிறுத்தாது. ஒங்க பெட்டிதான் மோசம். வயர கழட்டி விடுற ஆளுங்க இருக்காங்கலா."

"இருக்காங்க. எம் மருமக கல்யாணத்துக்கு எனக்கு சமான் வேணாம்," என்றார் குணா. சமான் என்றால் இங்கே அபராதச் சீட்டு.

எனக்கும் பொறுக்கவில்லை. "இப்படி ஒரு பெட்டிய வச்சா டிரைவருக்கு என்னங்க மரியாதை? கையக் கட்டிப் போட்ட மாதிரி இல்லையா?" என்றேன். எங்கள் ஊரில் முன்னால் போகிற வண்டியை முந்தாத டிரைவரை யாரும் டிரைவர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நானும் மொதல்ல அப்படித்தான் ஏசினேன் அக்கா. பத்தொம்பது வருசமா ஓட்டுறேன். ஷிப்டுக்கு லேட்டா வந்து ஏறுவாங்க. ஏறி ஒக்காந்ததும், அண்ணே அழுத்துங்க. எனக்கு இல்லேன்னு சொல்ல வராது. பொறந்ததுலேர்ந்தே வராது. அழுத்துவேன். பயந்துக்கிட்டே அழுத்துவேன். வீட்டுக்குப் போயி சோறு எறங்காது. இப்ப இந்தப் பெட்டி எனக்குப் பதிலா இல்லேன்னு சொல்லுது. ராத்திரி தூக்கம் வருது அக்கா."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நூற்றுப்பத்தில் பறந்திருந்தாலும் பீடோர் வரை மிச்சமாவது ஏழெட்டு நிமிடம். மல்லிகைப்பூவுக்கே அதைவிட அதிகம் செலவழித்திருந்தோம்.

தாப்பா ஊர்ப் பலகை போயிற்று. கேமரன் மலைக்குப் போகிற கார்கள் அங்கே பிரிந்தன. எட்டு ஐம்பதுக்குப் பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். இரு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை, கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர் தோட்டம் என்றார் கமலா அக்கா. நடுவே ஒரு சின்னக் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் மட்டும் மிஞ்சியிருந்தன. சாலையோரம் அறுபது என்று பலகை. மோட்டார் சைக்கிள்களில் ஆட்கள் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள்.

ரவி எழுந்து முன்னால் வந்துவிட்டான். "அண்ணே, இங்க பெட்டி தடுக்காதுலா. இப்ப நீங்க அறுபதுலதான் போறீங்க. தொண்ணூறு வரைக்கும் அழுத்தலாம்."

அவன் சொன்னது நிஜம். பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண். இந்தச் சாலையில் அதற்கு வேலை இல்லை.

குணாவின் கைப்பேசி அடித்தது. பெண்ணின் அம்மா, அவருடைய அக்கா. ரவி எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். "டேய், எங்கடா இருக்க? ஐயரு கேக்குறாரு. நீ வரலன்னா அவ சித்தப்பாவ விட்டுக் கூட்டிட்டு வரச் சொல்றாங்கடா." குரல் உடைந்திருந்தது.

"வாரேன்க்கா," என்றார் குணா.

பஸ் முழுக்க ஒரே குரல். அழுத்து குணா, ஒரு நாளைக்குத்தானே, உன் மருமகதானே. கமலா அக்கா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். குணாவின் பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. கால் பெடலில் கொஞ்சம் இறங்கியது. முள் அறுபதைத் தாண்டி எழுபதுக்கு ஏறியது. எனக்கு அழுத்தட்டும் என்று ஒரு மனது, வேண்டாம் என்று ஒரு மனது.

முள் மறுபடி அறுபதுக்கு இறங்கியது.

"முடியாது," என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நாப்பது பேரு உள்ள இருக்கீங்க. ரோட்டுல புள்ளைங்க போவுது. முடியாதுலா. போயி ஒக்காரு ரவி."

ரவி போய் உட்கார்ந்தான்.

ஒன்பது முப்பத்தைந்துக்குத் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைத் தாண்டி மண்டபத்தில் நின்றோம். குணா வேட்டி மாற்றக்கூட நிற்கவில்லை, காற்சட்டையோடே ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். தர்ஷினி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அழைத்து வந்து அமர்த்தியாகிவிட்டது. தாலி கட்டுவதைப் பார்க்க எங்கள் கூட்டத்துக்கு நேரம் இருந்தது. தாய்மாமன் வேலை மட்டும் முடிந்துபோயிருந்தது. அக்கா தம்பியைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். குணா கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டார். அவர் அழுதார். நானும் அழுதேன், யாருடைய மாமனோ, எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து, புந்தோங்கிலுள்ள பெண் வீட்டுக்குப் பால் பழம் சாப்பிட மணமக்களை அழைத்துப் போகும் நேரம். மாப்பிள்ளையின் புதுக் கார் பூச்சரத்தோடு வாசலில் நின்றது. இரண்டரைக்குப் பஸ் என்றார் குணா. இரண்டு இருபதுக்கே நாற்பது பேரும் ஏறி உட்கார்ந்திருந்தோம், கமலா அக்கா உட்பட. யாரும் நல்ல நேரம் பார்க்கவில்லை. ஊருக்குப் போனால் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவரிடம் சீக்கிரம் போங்க என்று சொல்ல இனி எனக்கு நாக்கு வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி காரைத் தாண்டி நேரே பஸ்ஸுக்கு வந்தாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் மாலையோடு பின்னால் வந்தார்.

"காருல போம்மா. இது மெதுவாத்தான் போகும்," என்றார் குணா.

"தெரியும் மாமா. ரவி எல்லாத்தையும் சொன்னான்." அவள் படியடியில் நின்று கையை நீட்டினாள். "மணவறைக்குத்தான் வேற ஆளு கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க."

குணா இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தார். தாய்மாமன் பெண்ணைப் படியேற்றும்வரை நாங்கள் நாற்பது பேரும் எழுந்து நின்றோம்.