பேட்டரிக்குள் வைக்க ஒரு பனியன் துணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பேட்டரிக்குள் வைக்கத் துணி தேடித் திருப்பூர் போனோம். நானும் தோழி சுமதியும் கோவையில் ஆராய்ச்சி மாணவிகள். துத்தநாகத் தகடும் தண்ணீரில் கரைத்த உப்பும் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரி செய்கிறோம். தீப்பிடிக்காது, விலையும் குறைவு. ஒரே தொல்லை, சார்ஜ் ஏற்ற ஏற்றத் துத்தநாகம் ஊசி ஊசியாக வளர்ந்து, தகடுகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பைத் துளைத்துவிடும். அதோடு பேட்டரி காலி. அந்தத் தடுப்புக்குத்தான் துணி. அடுத்த பேட்டரியும் செத்தால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

காந்திபுரத்தில் காலை ஏழரைக்குப் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். (உட்கார இடம் வேண்டுமா, சீக்கிரம் போங்கள். நாங்கள் அவிநாசி வரை நின்றோம்.) திருப்பூரில் இறங்கி, நெருப்பெரிச்சல் பகுதிக்கு டவுன் பஸ்.

சுமதியின் சித்தப்பாவுக்குத் தெரிந்த செந்தில் அண்ணன் அங்கே பனியன் துணி யூனிட் வைத்திருக்கிறார். அவர் கொடுத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக நின்றது! உப்புத் தண்ணீரில் நனையாத துணி எங்களுக்கு உதவாது.

"இதுல ஏதாச்சும் போட்டிருக்கீங்களாண்ணா?"

"சாஃப்ட்னருங்க. தொட்டா வழுவழுன்னு இருக்கோணுமில்லீங்க."

போடாத ரோல் ஒன்று கிடைத்தது. சொட்டை உடனே குடித்தது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் கண்கண்ணாக ஓட்டை. சூடான உருளைகளுக்கு நடுவே துணியை அழுத்தும் மெஷினைச் சுமதி காட்டினாள். இரண்டு மடிப்பாக விட்டோம். சுருண்டு உருளையில் சுற்றிக்கொள்ள, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று.

செந்தில் அண்ணன் முகம் மாறியது. "ஏனுங்க, ஆர்டர் துணி காத்துக்கிட்டுக் கெடக்குதுங்க."

"இன்னும் ஒரே தடவைங்கண்ணா!"

அரை மனதாகத் தலையாட்டினார். இந்த முறை துணியை லேசாக நனைத்து, பின்பக்கம் இருவரும் இழுத்துப் பிடித்தோம். மறுபக்கம் காகிதம் போல வந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு பொட்டு ஓட்டை இல்லை. மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்திவிட்டோம்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு பல யூனிட்டுகள் திறப்பதில்லை. சாஃப்ட்னர் போடாத துணி என்று கேட்டு வாங்குங்கள். சரக்கு ஏற்றும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

முன்பு செய்த பேட்டரிகள் மூன்று நாள் தாண்டியதில்லை. இந்தத் துணி வைத்தது இரண்டாவது வாரமாக ஓடுகிறது. பேராசிரியர் தினமும் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார், தலைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நேற்று செந்தில் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"நம்மூட்டுத் துணியிலயா ஓடுது?" என்று சிரித்தார். பிறகு, "அப்ப ஒரு ரோல் பூராவும் அழுத்தி வெச்சிரட்டுங்களா?"